ஒரு மில்லிமீட்டர்

மூன்று தாள் வாங்கியதில் ஒன்று கல்.
இன்னொன்றின் ஓரத்தில் கொப்புளம்.
மூன்றாவதன் படலத்தை உரித்து
பந்தின் தலையில் வைத்துத் தூக்கினேன்.
கூடவே வந்தது பந்து.
எண்ணினேன். ஏழில் விழுந்தது.
ஏழு போதும் எனக்கு.
பதினைந்துவரை தொங்கவிடும் ரப்பரும் உண்டு;
அதில் பந்து பிரிய மனமில்லாமல்
வலைக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும்.

நீல ஸ்பாஞ்ச் மாகாண அணிக்காரர்களுக்கு,
ஆரஞ்சு உங்களைப் போன்றவர்களுக்கு
என்றான் கடைக்கார ஃபூ.
எங்களைப் போன்றவர்கள் என்றால்?
தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பித்தான்.

எங்களைப் போன்றவர்கள் என்றால்
டாலியனில் காலை ஐந்தேகால் டிராமை
துறைமுகம்வரை ஓட்டி, திருப்பி, மறுபடி ஓட்டி
தோளில் பிளாஸ்திரியோடு
சனி இரவு பழைய பதுங்கறைக்குப் படியிறங்குகிறவர்கள்.
ஃபோர்ஹேண்ட் நன்றாக வரும்.
பேக்ஹேண்டைப் பற்றிப் பேச வேண்டாம்.

பெயர் ஒட்டாத சீசாவில் எண்ணெய்.
மகள் எறிந்துவிட்ட ஒப்பனைத் தூரிகை.
திங்கள் இரவு முதல் பூச்சு:
ஸ்பாஞ்ச் சத்தமில்லாமல் குடித்தது,
தாள் சுருண்டது
பாறையில் காயப்போட்ட கடற்பாசி மாதிரி
யாருக்கும் முகம் காட்டாமல்.
புதன் இரண்டாவது. வெள்ளி மூன்றாவது.
எண்ணெய் பூசிப் புரண்டாலும்
ஒட்டுவதுதான் ஒட்டும் என்பார்கள்.
சொன்னவர் ஸ்பாஞ்சுக்குப் பூசிப் பார்த்ததில்லை.

விதிப்புத்தகம் கூடாது என்கிறது.
எங்கள் நடுவர் சோங் மீன் விற்கிறவர்;
முப்பது வருட மீனுக்குப் பிறகு
அவர் மூக்குக்கு எந்த எண்ணெயும் எட்டாது.

இன்னும் நான்கு நாள் காத்திருக்க வேண்டும்,
வீக்கம் அடங்கித் தாள் தட்டையாகும்வரை.
நான் காத்திருக்கவில்லை.
சனிக்கிழமை வந்துவிட்டது.
பசை தடவி, உருளையால் அழுத்தி,
மட்டையின் விளிம்போடு விளிம்பாக
மயிரிழை பிசகாமல் வெட்டினேன்.
அவ்வளவு அழகாக நான் எதையும் வெட்டியதில்லை.

முதல் சனி. முதல் அடி.
அந்தச் சத்தம்!
ஈர மரத்தில் கோடரி இறங்குவது போல.
பந்து மேசையைத் தொட்டதும்
பின்னாலிருந்து யாரோ தள்ளியது மாதிரி பாய்ந்தது.
மருந்துக்கடை சுய் ஹாய்யாங்
தன் ஜெர்மன் ரப்பரைப் புரட்டிப் பார்த்தான்.
அவனுடையது தொட்டாலே துள்ளும்.
என்னுடையது அப்படியில்லை.
இடுப்பிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால்தான்
வட்டியோடு திருப்பித் தரும்.
சோம்பினால் ஒன்றும் கிடையாது.

மூன்றாம் வாரம் பார்க்கிறேன்,
ரப்பர் சுருங்கியிருக்கிறது.
மட்டையைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் வெற்று மரம்,
சலவையில் ஏறிப்போன சட்டைக்குக் கீழே
மணிக்கட்டு தெரிவது போல.
யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவது கேம். ஒன்பதுக்குப் பத்து.
சுய் இழுத்து அடித்ததை
எட்டிப் பிடித்தேன், கடைசி நொடியில்.
பட்ட இடம் அந்த ஒரு மில்லிமீட்டர்.
டக் என்றது மரம்.
ஸ்பின் இல்லை, வேகம் இல்லை, ஏழும் இல்லை.
பந்து மந்தமாய் எழும்பி
வலையின் நாடாவில் ஏறி
கொஞ்சம் யோசித்து
அவன் பக்கம் இறங்கியது.

கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டேன்,
அதுதான் வழக்கம்.
கை தூக்கியது. முகத்தைப் பற்றி நான் பொறுப்பேற்க முடியாது.

அடுத்த இரண்டையும் அவன்தான் எடுத்தான்.

வீட்டில் ரப்பரை உரித்தேன்.
பசை வெயிலில் வெந்த தோலாய் நீளநீளமாய் வந்தது.
உரித்துப் போட்டதை விட்டுவிட்டு
சீசாவை விளக்கில் காட்டி எவ்வளவு மிச்சம் என்று பார்த்தேன்.
ஃபூவைக் கூப்பிட்டேன், மணி பத்தரை.

நீலத்தில் ஒன்று எடுத்து வை.
லுவான் அக்கா, அது மாகாண அணிக்கு.
தெரியும்.
எடை போட்டு எடு.